கால் கறுக்கும்போது விசாவுக்குக் காத்திருக்க முடியாது

தண்டையார்பேட்டை அண்ணன் விஷயத்தில் வாயைத் திறந்ததற்கு நேற்றிலிருந்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருக்கிற அவரைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்யணும் என்று ஏரியாவில் வசூல் நடக்கிறது. நான் சொன்னது இவ்வளவுதான்: சிங்கப்பூர் ஆபரேஷனுக்குப் பணம் சேரும்வரை உட்கார்ந்திருக்காதீர்கள், அண்ணனை நாளைக்கே இங்கே ரத்தநாள சர்ஜனிடம் காட்டுங்கள். இதற்குப் போய் பொறாமைக்காரன், பிச்சைக்காரப் புத்தி, கஞ்சித்தொட்டிக்கு (ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்) மேல் யோசிக்கத் தெரியாதவன் என்று என்னென்னவோ. இதில் சிலர் என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்கள்.

அண்ணனுக்கு அடைப்பு இதயத்தில் இல்லை, காலுக்குப் போகும் குழாயில். ராத்திரி படுத்தால் வலி உயிர் போகிறது, எழுந்து காலைத் தொங்கப் போட்டால் கொஞ்சம் அடங்குகிறது, கட்டைவிரல் நுனி கறுத்திருக்கிறது, சுகர் வேறு. பாதத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? இனி ஒவ்வொரு வாரமும் கணக்கு. வசூல், விசா, டிக்கெட் என்று தள்ளத் தள்ள, விரலோடு போயிருக்க வேண்டியது பாதத்துக்கு வரும், அப்புறம் முழங்கால்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு: எங்க நைனா காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கினவர். கல்மண்டபம் வரை நடப்பதற்குள் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். நாலு பேர் பார்க்கக் கூடாதென்று சுவரொட்டி படிப்பதுபோல நிற்பார், வலி விட்டதும் நடப்பார், திரும்ப அடுத்த சுவரொட்டி. பக்கத்துக் கிளினிக்கில் நரம்பு இழுப்பு என்று மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள், பாதத்தில் நாடி பிடித்துப் பார்க்கவில்லை. கடைசியில் ஸ்டான்லிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒரு சின்ன வயசு டாக்டர் பாதத்தில் ஜெல் தடவி, பேனா மாதிரி ஒரு கருவியை நகர்த்திக்கொண்டே இருந்தார். ரத்தம் ஓடுவதைச் சத்தமாகக் கேட்க வைக்கிற அதுதான் டாப்ளர். எங்கேயும் சத்தமில்லை. கணுக்கால் உள்பக்கம் ஒரே இடத்தில் 'உஸ் உஸ்' என்று மெல்லக் கேட்டது, அங்கே மையால் ஒரு பெருக்கல் குறி போட்டார். கையிலும் கணுக்காலிலும் பிரஷர் பார்த்து, கணுக்கால் கணக்கைக் கைக் கணக்கால் வகுத்தார்கள். 0.9-க்குக் கீழே போனாலே அடைப்பு என்று அர்த்தமாம், நைனாவுக்கு அதில் பாதிகூட இல்லை. ரத்தக்குழாய்களைக் காட்டுகிற சிடி ஆஞ்சியோ ஸ்கேன் எடுத்து, அவருடைய தொடையிலிருந்த ரத்தக்குழாயையே எடுத்து, அடைப்பைத் தாண்டி ரத்தம் போக பைபாஸ் வைத்தார்கள். ஒரு விரல் போனது, கால் நின்றது. அந்தக் காலோடுதான் என் தங்கை கல்யாணத்துக்கு வீடு வீடாகப் பத்திரிகை வைத்தார்.

'அரசு ஆஸ்பத்திரியில் கூட்டம், நாத்தம், வார்டு ஆட்களுக்குக் காசு கொடுக்கணும்' என்பீர்கள். சரி, கூட்டம்தான், நாங்களும் வராந்தாவில் பாய் போட்டுப் படுத்திருந்தோம். அதற்காகக் காலை விட்டுவிட முடியுமா? ஸ்டான்லி பிடிக்கவில்லையென்றால் சென்ட்ரல் எதிரே ஜி.எச்.சில் ரத்தநாளத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, அதற்கென்றே மேல்படிப்பு படிக்க வெளிமாநிலத்திலிருந்தெல்லாம் டாக்டர்கள் வருகிறார்கள். தனியாரில்தான் வேண்டுமென்றால் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை வழி உண்டு. பங்களாதேஷிலிருந்தும் மாலத்தீவிலிருந்தும் நம்ம கிரீம்ஸ் ரோட்டுக்கு வைத்தியத்துக்கு வந்து தங்கியிருக்கிறார்கள், நாம் இங்கிருந்து எங்கே ஓடுகிறோம்?

'அவர்கள் காசு, அவர்கள் இஷ்டம், உனக்கென்ன?' இது அவர்கள் காசு இல்லை. ஆட்டோ ஸ்டாண்டு தம்பிகள் போட்ட காசு, மீன் விற்கிற அக்காக்கள் சுருக்குப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த காசு. நானும் கொடுத்திருக்கிறேன். கேட்க எனக்கு உரிமை உண்டு.

சிங்கப்பூர் டாக்டர்கள் கெட்டிக்காரர்கள் இல்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் ஆபரேஷனோடு இது முடிவதில்லை. வைத்த குழாய் அடைக்கிறதா என்று டாப்ளர் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கணும், ஆஸ்பிரின் நிறுத்தக் கூடாது, சுகர் ஏறக் கூடாது, பீடி அறவே கூடாது. ஒரு ராத்திரி அந்தக் குழாயில் திடீரென்று ரத்தம் கட்டி கால் சில்லிட்டுப் போனால் ஆறு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருக்கணும், அதற்கு மேல் தசை சாக ஆரம்பித்துவிடும். விமானமே நாலு மணி நேரம். அன்றைக்கு எந்தக் கதவைத் தட்டுவீர்கள்? இதே பழைய ஜெயில் ரோட்டு ஸ்டான்லிதானே?

எனக்கு வலிப்பது அந்த கஞ்சித்தொட்டி என்ற வார்த்தை. பஞ்சத்தில் பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றின இடத்தில் வளர்ந்த ஆஸ்பத்திரி அது. மிஷினில் துண்டான கைகளை ஒட்டி அனுப்பிய ஆஸ்பத்திரி. நம்மில் பாதிப் பேர் அங்கேதான் பிறந்தோம். அதைச் சொல்லி என்னைத் திட்டுகிறவன் அம்பத்தூரிலிருந்தோ அடையாறிலிருந்தோ வந்தவன் இல்லை, என் தெருக்காரன். வடசென்னையில் இருப்பதெல்லாம் மட்டம் என்று வெளியாள் சொன்னால் சண்டைக்குப் போகிறோம், நமக்கு உடம்புக்கு வந்தால் நாமே அதைச் சொல்கிறோம்.

அண்ணி, மற்றவர்கள் எதையாவது பேசிக்கொண்டு போகட்டும். டிக்கெட் போட்டாலும் பரவாயில்லை, அதற்கு முன்னால் ஒரு டாப்ளர் மட்டும் எடுத்துவிடுங்கள். காலையில் ஓ.பி. சீட்டு நான் போய் வாங்கி வைக்கிறேன், பழைய ரிப்போர்ட்டையும் காப்பீட்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு வந்தால் போதும். நடுவில் கால் சில்லிட்டாலோ நிறம் மாறினாலோ விடியட்டும் என்று பார்க்காதீர்கள், உடனே கூப்பிடுங்கள், என் வண்டி வாசலிலேயே நிற்கிறது.