மல்கியா 3:10க்கு ஐந்து வசனம் மேலே

போன வாரம் கிருஷ்ணகிரியில் ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மாங்காய் சீசன் முடிந்த நேரம். தோப்புக்காரர்கள், மண்டிக்காரர்கள் என்று நல்ல கூட்டம். மண்டி வைத்திருக்கும் ஒருவர் எழுந்து சாட்சி சொன்னார். பெங்களூரா காய்க்கு விலையே இல்லாத வருஷத்திலும் தசமபாகத்தில், அதாவது சபைக்குக் கொடுக்கும் பத்தில் ஒரு பங்கில், கை வைக்கவில்லையாம், கர்த்தர் புதுக் கார் கொடுத்தாராம். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நானும்தான்.

பக்கத்தில் இருந்த என் அத்தை வாயைத் திறக்கவில்லை. அந்த மண்டியில்தான் இந்த சீசன் முழுக்கக் காய் தரம் பிரித்தார். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது மெதுவாகச் சொன்னார்: "மூணு வாரக் கூலி இன்னும் நிக்குதுப்பா."

ராத்திரி பைபிளில் மல்கியா புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். நம் பிரசங்கிகளுக்கு மூன்றாம் அதிகாரம் பத்தாம் வசனத்தில்தான் ஆரம்பிக்கும். தசமபாகத்தைக் கொண்டு வா, வானத்தின் பலகணிகள் திறக்கும். சரி, ஐந்து வசனம் மேலே போனால் என்ன இருக்கிறது? கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கு நியாயத்தீர்ப்பு. விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்களும் அதே வரிசையில் நிற்கிறார்கள். காணிக்கைக் கவரில் எந்த வசனம் அச்சாகிறது என்று உங்களுக்கே தெரியும். உபாகமம் 14ஐப் பார்த்தால், மூன்றாம் வருஷத்துத் தசமபாகமே ஆலய ஊழியம் செய்த லேவியனோடு பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் வயிறாரச் சாப்பிடத்தான்.

பணக்காரன் விசுவாசியாக இருக்கக் கூடாது என்று யார் சொன்னது? ஆபிரகாமுக்கு இல்லாத ஆடு மாடா! மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பித்த ஜான் வெஸ்லிகூட முடிந்த மட்டும் சம்பாதி, சேமி, கொடு என்றுதான் பிரசங்கித்தார். ஆனால் அடுத்தவனைக் கெடுத்துச் சம்பாதிக்காதே என்று முதலிலேயே கோடு போட்டுவிட்டார். இயேசு தேடிப் போன வரி வசூல்காரன் சகேயு வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததும், அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்புகிறேன் என்று அவன் எழுந்து நின்ற பிறகுதானே.

எனக்கு ஒவ்வாதது, காரையும் வீட்டையும் விசுவாசத்துக்கு மார்க் ஷீட்டாகக் காட்டுவது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் வேகமெடுத்த, விசுவாசித்தால் பணம் காசு வரும் என்கிற செழிப்பு உபதேசம் இப்போது நம் சந்து முனை வரை வந்துவிட்டது. இதே கிருஷ்ணகிரிக்கு 1895இல் ஊழியத்துக்கு வந்த லுத்தரன் மிஷனரி தியோடர் நேதர் 1904இல் பிளேக்கில் இறந்துபோனார். இவர்கள் கணக்குப்படி அவர் ஃபெயில்!

மறுநாள் அத்தையிடம், போதகர் ஐயா காதில் போட்டு வைக்கட்டுமா என்று கேட்டேன். "ஐயோ வேணாம்பா. அடுத்த சீசனுக்கும் அங்கதான் போவணும்" என்றார். சர்ச்சில் நடக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கென்று ஒரு பூசணிக்காயை எடுத்துத் திண்ணையில் வைத்திருந்தார். நல்ல பெரிய காய்.