ஆஷ்லி வில்லியம்ஸ் ஸ்வான்சி அகாடமியில் வளர்ந்தவர் இல்லை

ஒரு பதிவில் ஒருவர், வேல்ஸ் கால்பந்து வீரர் ஆஷ்லி வில்லியம்ஸ் ஸ்வான்சி கிளப்பின் அகாடமியில் (இளையோர் பயிற்சிப் பள்ளியில்) வளர்ந்து, நேராக இங்கிலாந்தின் உச்ச டிவிஷனான பிரீமியர் லீக்கில் இறங்கியவர் என்று எழுதியிருக்கிறார். தவறு. அவர் பிறந்ததே இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில். தாய்வழித் தாத்தா மூலமாகத்தான் வேல்ஸுக்கு ஆடும் தகுதி வந்தது.

சிறுவயதில் வெஸ்ட் பிராம் கிளப் அவரை வேண்டாம் என்று விட்டுவிட்டது. அப்புறம் ஹெட்னஸ்ஃபோர்ட் டவுன் என்ற சின்ன கிளப், அது முக்கிய லீக் டிவிஷன்களுக்கே வெளியே இருந்தது. 2003 முதல் ஸ்டாக்போர்ட் கவுண்டியில் சில ஆண்டுகள் கீழ் டிவிஷன்களில் உழைத்தார். 2008 மார்ச்சில் கடனாக ஸ்வான்சிக்கு வந்தபோது அந்த அணியே மூன்றாம் டிவிஷனில்தான் இருந்தது. பிறகு சுமார் 4 லட்சம் பவுண்டுக்கு நிரந்தரமாக வாங்கினார்கள். அவர் பிரீமியர் லீக்கில் முதன்முதலாக ஆடியது 2011 ஆகஸ்ட்டில், கிட்டத்தட்ட 27 வயதில். அதுவும் மேல் டிவிஷனுக்குப் போவது யார் என்று முடிவு செய்யும் பிளே-ஆஃப் இறுதியில் ரெடிங்கை 4-2 என்று வென்று, அணியோடு சேர்ந்து மேலே ஏறி வந்துதான்.

யூரோ 2016 ஐரோப்பியக் கோப்பையின் காலிறுதியில் பெல்ஜியம் முன்னிலையில் இருந்தபோது கார்னரிலிருந்து தலையால் முட்டிச் சமன் செய்த வேல்ஸ் கேப்டன் இவர். அந்த கோலைப் பார்க்கும்போது ஹெட்னஸ்ஃபோர்டையும் நினைக்க வேண்டும். அகாடமிக்கதை அந்த உழைப்பை முழுசாக மறைத்துவிடுகிறது. தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள்.