நெடுந்தீவுக்கு முதலில் படகும் தண்ணீரும், பிறகு ஹோட்டல்

போன சித்திரை லீவில், யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலுக்குள் இருக்கிற எங்கள் நெடுந்தீவின் இறங்குதுறையில் கண்டது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. பின்னேரப் படகு. காலையில் தீவு பார்க்க வந்த சனம் எல்லாம் திரும்பிப் போகிற நேரம். படகு நிரம்பிவிட்டது. கரையில் ஒரு வயசான அம்மா நிற்கிறா. கிளினிக் கொப்பியைக் கடல்தண்ணி படாமல் சொப்பிங் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருக்கிறா. விடிய யாழ்ப்பாணத்தில் கிளினிக். அதற்கு முதல்நாளே கடல் தாண்டிப் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்கினால்தான் சரி. கடைசியில் ஒரு பெடியன் எழும்பித் தன் இடத்தைக் கொடுத்ததால்தான் அவ ஏறினா.

பக்கத்துத் தீவுகளான புங்குடுதீவுக்கும் வேலணைக்கும் கடலுக்குக் குறுக்கே தாம்போதி றோட்டு இருக்கிறது, பஸ் போகிறது. எங்களுக்குப் புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலக் கடல். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுத் தொடங்கினால் அதுவும் நிச்சயமில்லை. நோயாளி, பள்ளிக்கூட ரீச்சர், சீமெந்துப் பை, அரிசி எல்லாம் அந்த ஒரே வழியால்தான் வர வேணும். 1985 மே 15இல் குமுதினிப் படகில் வெட்டுப்பட்டுச் செத்ததும் இதே கடலில் இப்படிப் பயணம் போன சனம்தான். எங்களுக்குப் படகு என்பது வெறும் வாகனமில்லை.

சுற்றுலா வரட்டும், நான் எதிரியில்லை. மட்டக்குதிரை, பெருக்கு (பாவோபாப்) மரம், ஒல்லாந்தர் கோட்டை, சாந்தே இல்லாமல் முருகைக்கல்லை அடுக்கிக் கட்டின வேலிகள், இதெல்லாம் ஊர் பார்க்கத்தான் வேணும். ஆனால் ஹோட்டல் கட்ட வாறவர்கள் முதலில் எங்கள் கிணற்றை எட்டிப் பார்க்க வேணும்.

நெடுந்தீவு கிட்டத்தட்ட 50 சதுர கிலோமீற்றர் சுண்ணக்கல் தட்டு. ஆறு கிடையாது. மாரியில் பெய்கிற மழை கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற உப்புத்தண்ணிக்கு மேலே மெல்லிய படையாக நிற்கும். வாளியால் அள்ளினால் தாங்கும். பெரிய மோட்டர் போட்டு இழுத்தால் அடியிலிருந்து உவர் மேலே ஏறும், பிறகு அந்தக் கிணறு ஒன்றுக்கும் உதவாது. பெரியம்மா வீட்டில் கோடையில் இரண்டு வாளி அள்ளிவிட்டு ஊறும்வரை குந்தியிருப்பா. மூன்றாவது வாளி கரிக்கும். நல்ல தண்ணி என்றால் சாராப்பிட்டிப் பக்கம்தான் எல்லாருடைய கண்ணும். கடும் வறட்சியில் குதிரைகளே தண்ணியில்லாமல் செத்திருக்கின்றன. பயிரும் மாரியை நம்பித்தான், மிச்ச நாளுக்குப் பனையும் ஆடுமாடும் கடலும்.

இந்த நிலத்தில் ஐம்பது அறைக்கு ஷவர் பூட்டினால் யாருடைய கிணறு கரிக்கும்?

அதனால் என் கோரிக்கை நேரானது. ஒவ்வொரு படகிலும் ஊர்ச்சனத்துக்கும் நோயாளிக்கும் இத்தனை இருக்கை என்று ஒதுக்குங்கள். லீவு நாளில் பார்க்க வாறவர்களுக்கு வேறு படகு விடுங்கள். தங்குமிடம் கட்டுகிறவர்கள் மழைத்தண்ணித் தொட்டியையும் சேர்த்தே கட்ட வேணும், நிலத்தடியில் கை வைக்கக் கூடாது. ஊர் வீடுகளிலேயே விருந்தாளி தங்கினால் காசு ஒடியற்கூழ் காய்ச்சுகிற கைக்கே போகும்.

வாற நண்பர்களே, குறிகட்டுவானில் ஏற முதல் தண்ணிப் போத்தலை நிரப்பிக்கொண்டு வாருங்கள். வேலியில் கல் உருவாதீர்கள். பின்னேரப் படகில் கிளினிக் கொப்பியோடு யாரும் நின்றால் முதலில் அவரை ஏற விடுங்கள்.