மொழியியல் புலத்தில் தமிழும் உண்டு

மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இந்திய ஆய்வியல் துறை ஒன்றே கதி, மொழியியல் புலம் (Faculty) பிரெஞ்சும் ஜப்பானியமும் கற்பிப்போருக்கே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. 1956இல் தொடங்கிய இந்திய ஆய்வியல் துறை கலைப் புலத்தைச் சேர்ந்தது. 1972இல் மொழி மையமாகப் பிறந்து 1996இல் புலமாக உயர்ந்த மொழியியல் புலம் வேறு. அங்கும் தமிழ் மொழியியலில் இளங்கலைப் பட்டம் இருக்கிறது.

'கலப்புத் தமிழ் பேசுகிற நமக்குச் சமூக மொழியியல் எதற்கு?' என்ற கேலிதான் எரிச்சலூட்டுகிறது. சமூகத்தில் மக்கள் மொழியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்வதே சமூக மொழியியல். இலக்கணப் பிழை பிடிப்பது அதன் வேலை என்று யார் சொன்னது? கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதிக் கடையில் "தே ஓ, குராங் மானிஸ்" என்று மலாயில் இனிப்பைக் குறைக்கச் சொன்னவர், கல்லாவில் இருக்கும் அம்மாவிடம் "எவ்வளவு ஆச்சுங்க?" என்று தமிழுக்குத் தாவுகிறார். ஏன் தாவினார் என்பதுதான் சமூக மொழியியலார் ஆராயும் கேள்வி.