அடுப்பு அங்க எப்பவும் எரிஞ்சுதுங்க, ஐயா

நம்ம புதுச்சேரியில பூட்டிக் கிடக்கற பழைய கன்னியர் மடத்தைச் சமையல் சொல்லிக் குடுக்கற எடமாவும் சமுதாயக் கூடமாவும் மாத்தற திட்டத்தைப் பத்தி ஞாயித்துக்கிழமை நடந்த கூட்டத்து வீடியோவை இதுக்குள்ள எல்லாரும் பார்த்திருப்பீங்க. அதனால கதையை முதல்லேர்ந்து சொல்லப் போறதில்ல. "கன்னியாஸ்திரிங்க செபம் சொன்ன எடத்துல தோசைக்கல்லு போடுவீங்களா?"ன்னு அந்தப் பெரியவர் கேட்டாரு, கைத்தட்டல் விழுந்துச்சு, வீடியோ அதோட முடிஞ்சிடுது. அப்புறம் நான் எழுந்து வாயைத் திறக்கறதுக்குள்ள, "நீ உக்காரும்மா, இது கட்டட விஷயம், சமையல் விஷயம் இல்ல"ன்னு அவரே சொன்னதை யாரும் எடுக்கல. எனக்கு அம்பது வயசு நெருங்குது. மேடையில இருந்த ஒருத்தரும் "பேசட்டும் விடுங்க"ன்னு சொல்லல. சரி, இது என் சொந்தப் பக்கம், இங்க யாரும் என்னை உக்காரச் சொல்ல முடியாது. கொஞ்சம் நீளமாத்தான் எழுதுவேன்.

ஐயா, மரியாதையாவே கேக்குறேன். அந்த மடத்துல அடுப்பு இப்பதான் புதுசா வருதா? சிஸ்டர்ங்க காத்தைக் குடிச்சிட்டா செபம் சொன்னாங்க? போர்டிங் பிள்ளைங்க, வயசான மதர்ங்க, மதிய மணி அடிச்சதும் பின்வாசல்ல தட்டோட வந்து நின்னவங்க, இவங்களுக்கெல்லாம் சோறு வானத்துலேர்ந்தா எறங்குச்சு? காலைப் பூசைக்கு மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே அங்க கஞ்சித் தவலை ஏறியிருக்கும். கட்டடம் எழும்பின நாள்லேர்ந்து கடைசி சிஸ்டர் பெட்டியைத் தூக்கிட்டுப் போன நாள் வரைக்கும் அங்க அடுப்பு எரிஞ்சுது.

எனக்கு எப்படித் தெரியும்னா, அதை மூட்டினது எங்கம்மா.

கிணத்துக்கு அந்தாண்ட, ஓடு போட்ட தனிக்கொட்டாய். மேல புகைபோக்கி. சவுக்குக் கட்டை அடுக்கியிருக்கும். அம்மா விடியறதுக்குள்ள போயிடுவாங்க, சாயங்காலம் புடவையெல்லாம் புகை வாசத்தோட வருவாங்க. வயசான பிரெஞ்சு மதர் ஒருத்தர் அம்மாவுக்கு சூப்பு வைக்கக் கத்துக் கொடுத்தாங்க. வெண்ணெயில மாவை வறுத்துப் பால் ஊத்தி சாஸ் காய்ச்சறதும் அவங்க சொல்லிக் கொடுத்ததுதான். அம்மா அவங்களுக்கு வடகம் தாளிச்ச மீன் குழம்பு பழக்கி விட்டாங்க. தவக்காலத்துல குழம்பு வேணாம், கஞ்சி போதும்னு அந்த மதர் சொல்லுவாங்களாம், ஆனா உயிர்ப்புத் திருநாள் அன்னிக்கு முதல் ஆளா கொட்டாய் வாசல்ல வந்து நிப்பாங்களாம். கிறிஸ்துமஸ்னா ரவையில விவிகம் கேக். பழமெல்லாம் முன்னாடியே ரம்முல ஊறும். எனக்கும் தங்கச்சிக்கும் ஓரத்துண்டு வரும், கொஞ்சம் கருகினது. இன்னிக்கும் எனக்கு நடுத்துண்டு பிடிக்காது.

அந்தக் கொட்டாயைத் திட்டத்தோட வரைபடத்துல பார்த்தேன். "பிற்சேர்க்கை, இடிக்கத் தக்கது"ன்னு போட்டிருக்கு. முன்பக்கத் தூணுக்கு நாலு போட்டோ.

நான் படிச்ச பள்ளிக்கூடத்துல (எதுன்னு சொல்ல மாட்டேன்) "சமையக்காரி பொண்ணு"ன்னுதான் என்னைக் கூப்பிடுவாங்க. ஞாயித்துக்கிழமை "இது சமையல் விஷயம் இல்ல"ன்னு கேட்டப்போ எனக்கு அந்தக் கிளாஸ் ரூம்தான் ஞாபகம் வந்துச்சு. இதை எழுதினா அழுமூஞ்சின்னு கமெண்ட் வரும். வரட்டும்.

செபத்துக்கும் அடுப்புக்கும் ஆகாதுன்னு யாருங்க சொன்னது? நம்ம ஊர்லேர்ந்து பஸ் ஏறினா கடலூர் தாண்டி வடலூர். 1867-ல வள்ளலார் தருமசாலையில மூட்டின அடுப்பு இன்னிக்கு வரைக்கும் அணையல. பசிச்சவனுக்குச் சோறு போடறதைத்தான் அவர் பெரிய வழிபாடா வச்சாரு. அங்க போய் "சாமி எடத்துல என்ன அடுப்பு?"ன்னு கேட்டுப் பாருங்களேன். நான் கிறிஸ்தவச்சி, எனக்கு எதுக்கு வள்ளலார்னு கேப்பீங்க. சரி, மெக்சிகோ போவோம். பூப்லா ஊர்ல சாந்தா ரோசா கன்னியர் மடம். சுவர், கூரை எல்லாம் ஓடு பதிச்ச அதோட சமையலறையை இன்னிக்கு ஊர் ஊரா வந்து பார்க்கறாங்க. மிளகாயும் சாக்லேட்டும் சேர்த்து அரைக்கிற மோலே குழம்பு அங்க சிஸ்டர்ங்க கையிலதான் பிறந்ததுன்னு கதை சொல்றாங்க. கதை நிஜமோ இல்லையோ, அந்த ஊர்க்காரங்க மடத்து அடுப்பைப் பெருமையாக் காட்டுறாங்க. நாம இடிக்கத் தக்கதுன்னு எழுதறோம்.

"நீ யாரு எங்க சபை விஷயத்துல பேச?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. எனக்கு ஞானஸ்நானம் சம்பா கோயில்ல. போதுமா?

கட்டடக்கலை படிக்கிற ஒரு தம்பி இன்பாக்ஸ்ல நியாயமாத்தான் எழுதியிருந்தாரு. சுண்ணாம்புச் சுவர், மரச்சட்டம் வச்ச மெட்ராஸ் டெரஸ் கூரை. எண்ணெய்ப் புகையும் ஆவியும் ஏறினா கெட்டுப் போகும், கேஸ் சிலிண்டரை உள்ள அடுக்கினா ஆபத்துன்னாரு. உண்மைதான் தம்பி. அதனாலதான் அந்தக் காலத்து மனுஷங்க சமையக்கட்டைப் பின்னாடி தனியாக் கட்டினாங்க. பெரிய அடுப்பெல்லாம் அந்தக் கொட்டாய்லயே இருக்கட்டும். முன்பக்க ஹால்ல பாடம் நடத்துங்க, கணக்கு சொல்லிக் குடுங்க, பந்தி போடுங்க. சிமெண்ட் பூசாம சுண்ணாம்பே பூசுங்க, இல்லன்னா ஈரம் உள்ளயே நின்னு சுவர் உதிரும். இதெல்லாம் எனக்கும் தெரியும், எங்க வீட்டுச் சுவரும் சுண்ணாம்புதான்.

ஆனா ஒண்ணு. வாய்க்காலுக்குக் கிழக்கால, அந்த பிரெஞ்சுப் பகுதியில, எத்தனை பழைய வீடு ஹோட்டலாச்சு? அங்கெல்லாம் சமையல் நடக்கலையா? ஒரு ராத்திரி வாடகையில என் மெஸ்ஸுக்கு மாசத்து அரிசி வாங்கலாம், அந்த மாதிரி எடமெல்லாம். அப்பெல்லாம் சுண்ணாம்பு யாருக்கும் ஞாபகம் வரல. ஊர்ப் பொண்ணுங்க கரண்டி பிடிக்கப் போறாங்கன்னதும் சுவர் மேல இத்தனை பாசம்.

"மூடியே இருக்கட்டும், புனிதமா இருக்கட்டும்"னு சொல்றவங்களுக்கு மேரி கட்டடத்தை, அதான் பிரெஞ்சுக்காரங்க காலத்து நகராட்சிக் கட்டடத்தை, ஞாபகப்படுத்தறேன். பீச் ரோட்டுல எத்தனை வருஷம் அதைப் பழுது பார்க்கணும்னு பேசிக்கிட்டே இருந்தோம்? 2014 நவம்பர் மழையில அதுவே விழுந்துடுச்சு. அப்புறம் உலக வங்கிப் பணத்துல அதே சாயல்ல புதுசாக் கட்டினாங்க. அழகாத்தான் இருக்கு. ஆனா அது பழைய மேரி இல்லன்னு ஊருக்கே தெரியும். ஆள் புழங்கற வீட்டுல ஓடு ஒடைஞ்சா அன்னிக்கே தெரியும். பூட்டின வீட்டுல மரம் முளைச்சப்புறம்தான் தெரியும். ரொமேன் ரோலன் வீதியில க்ளூனி சிஸ்டர்ங்க எடத்தைப் பாருங்க. 1829-லேர்ந்து எம்பிராய்டரி வேலை நடக்குது, பழைய பிரெஞ்சு மாளிகைக்குள்ள இன்னிக்கும் பொண்ணுங்க உக்காந்து தைக்கிறாங்க. ஊசி நுழைஞ்சா புனிதம், கரண்டி நுழைஞ்சா தீட்டா?

ஓட்டல் படிப்புக்குத்தான் காலேஜ் இருக்கேன்னு கேக்கறவங்களே, பத்தாவதுல நின்னுபோன வைத்திக்குப்பம் பொண்ணுக்கு அங்க சீட்டு வாங்கிக் குடுங்க, பதிவை அழிச்சிடறேன்.

இப்ப இன்னொரு பக்கமும் திரும்பறேன். நேத்துலேர்ந்து "சூப்பர் அக்கா, திட்டத்தை விடாதீங்க"ன்னு ஹார்ட் போடறவங்க அன்னிக்குக் குடுத்த பிரசுரத்தைப் படிச்சீங்களா? நான் மெஸ் கல்லாவுல உக்காந்து முழுசாப் படிச்சேன். பிரெஞ்சு பேஸ்ட்ரி வகுப்பு. கிரியோல் (பிரெஞ்சும் தமிழும் கலந்த சமையல்) விருந்து அனுபவம், முன்பதிவு அவசியம். வார இறுதியில வர்ற பயணிகளுக்கு ரெண்டு மணி நேரச் சமையல் பாடம், ஏப்ரனோட போட்டோ. சமுதாயக் கூடத்துக்குக் கடைசிப் பக்கத்துல ஒரே ஒரு வரி. சொல்லிக் குடுக்கறவங்களுக்குத் தகுதி என்ன தெரியுமா? டிப்ளமா கட்டாயம்.

எங்கம்மா மூணாங்கிளாஸ். அந்த மடத்து அடுப்புல இத்தனை வருஷம் சமைச்சவங்களுக்கு அந்த மடத்துலயே பாடம் சொல்லிக் குடுக்கத் தகுதி இல்ல.

வடகம்னு சொன்னேனே, அதைப் போட டிப்ளமாக்காரங்களைக் கூட்டிட்டு வாங்க பார்ப்போம். கத்திரி வெயில்ல சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் ஒண்ணு ரெண்டா இடிச்சு, ஊற வச்ச உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் போட்டுப் பிசையணும். பகல் பூரா மொட்டை மாடியில பரப்பி, சாயங்காலம் எடுத்து, மறுபடி பிசைஞ்சு உருட்டணும். மறுநாள் உதிர்த்துப் பரப்பணும். கை பட்டாத்தான் ஈரம் எவ்வளவு இருக்குன்னு தெரியும். கடைசியா விளக்கெண்ணெய் தொட்டு உருண்டை பிடிச்சா வருஷம் பூரா கெடாது. இதையே பிரான்ஸ்ல வடுவான்னு பொடியா விக்கறாங்க, பெரிய பெரிய செஃபுங்க அதைத் தூவறாங்க. நாளைக்கு அங்கேர்ந்து ஒருத்தர் வந்து இதே மடத்துல நமக்கு வடுவான் வகுப்பு எடுப்பாரு, நாம காசு கட்டிக் கத்துக்குவோம். சிரிக்காதீங்க, நடக்கும்.

சித்தி பையன் பிரான்ஸ்ல, லியோன் ஊர்ல இருக்கான். அங்க ஒத்தெல் தியூன்னு நூத்தாண்டுக் கணக்கா ஆஸ்பத்திரியா இருந்த பெரிய கட்டடம். அதுல 2019 அக்டோபர்ல உணவுக்கலைக்கூடம் திறந்தாங்க. டிக்கெட் 12 யூரோ. அவன் போய்ப் பார்த்துட்டு, "அக்கா, சாப்பாட்டைப் பத்தி எல்லாம் இருக்கு, சாப்பாடுதான் இல்ல"ன்னான். 2020 ஜூலையில மூடிட்டாங்க. கொரோனா ஒரு காரணம்தான், இல்லங்கல. ஆனா அதுக்கு முன்னாடியே அந்த விலை அதிகம்னு ஊர்ல புலம்பல். பின்னாடி வேற மாதிரி மறுபடி திறந்தாங்க. சாப்பாட்டுக்குப் பேர் போன ஊர்லயே இந்தக் கதி. நம்ம பிரசுரமும் அந்தப் பாதையிலதான் நடக்குது.

"அப்ப நீ திட்டத்துக்கு ஆதரவா, எதிர்ப்பா?"ன்னு கேக்காதீங்க. அந்தக் கொட்டாய் நிக்கணும். அதுல அடுப்பு எரியணும். சாயங்கால வகுப்பு வேணும், ஏன்னா பகல்ல எங்க ஜனங்க வேலைக்குப் போறாங்க. குப்பத்துப் பொண்ணுங்களுக்கு ஃபீஸ் கூடாது. டிப்ளமா இல்லாத கிழவிங்களுக்கும் சம்பளம் குடுத்துப் பாடம் எடுக்க விடணும், அவங்க படத்தைச் சுவத்துல மாட்டி மாலை போட்டா மட்டும் போதாது. மதியம் ஒரு பந்தி, பின்வாசல் திறந்திருக்கணும், யார் வந்து நின்னாலும் சோறு. சிஸ்டர்ங்க செஞ்சதுதானே இது? உங்க புனிதம் இதுல இல்லன்னா வேற எதுல இருக்குன்னு எனக்குப் புரியல.

அந்தப் பெரியவரை யாரும் கமெண்ட்ல திட்டாதீங்க. திட்டினா அழிச்சிடுவேன். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு எங்க மெஸ்லேர்ந்துதான் சாப்பாடு போச்சு. அன்னிக்கு ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு, சமையல் விஷயம்னு ஒதுக்கல.

மனு எழுதி வச்சிருக்கேன். அடுத்த கூட்டத்துல எழுத்துலயே குடுக்கப் போறேன், உக்காரச் சொன்னாலும் காகிதம் மேசை மேல இருக்கும். கையெழுத்துப் போடறவங்க முத்தியால்பேட்டை மெஸ்ஸுக்கு மதியம் மூணு மணிக்கு மேல வாங்க. அதுக்கு முன்னாடி வந்தா பந்தி நடந்துக்கிட்டிருக்கும், எனக்குப் பேச நேரம் இருக்காது.