பீஸ் போஸ்டிங் வந்தால் கூடக் கிளம்புங்கள்

பட்டாளத்துக்காரருக்குப் பெண் கொடுக்கும்போது "மாப்பிள்ளை கவர்மெண்ட் வேலை" என்று எங்கள் பக்கம் தெருவெல்லாம் பெருமை பேசும். அவருக்குக் குடும்பத்தோடு இருக்கிற மாதிரி ஓர் ஊரில் போஸ்டிங் கிடைத்து, மனைவி பெட்டி கட்ட ஆரம்பித்தால் அதே தெரு வாசலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். "அங்க என்னத்துக்கு? பாஷை தெரியாது, குளிரு, பிள்ளை படிப்பு வீணாப் போகும். பேசாம இங்கயே இரு." காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், புதுவயல், எங்கே போனாலும் இதே பாட்டுதான். பட்டாளத்தில் ஹவில்தார் பதவியில் இருப்பவரின் மனைவியாக நான் சொல்வது இதற்கு நேர் எதிர். எல்லைப் பக்கம் ஃபீல்டு போஸ்டிங் என்றால் கூடப் போக முடியாது, அது வேறு விஷயம். குடும்பத்தோடு இருக்கிற மாதிரியான பீஸ் ஸ்டேஷன் கிடைத்தால் கிளம்புங்கள்.

ஆண்கள் தூர தேசத்தில் சம்பாதிக்க, பெண்கள் இங்கே வீட்டைப் பார்த்துக்கொள்வது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன நகரத்தார் செட்டியார்களும் அவர்களுடைய ஏஜெண்டுகளும் மூன்று வருஷக் கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்பினார்கள். குடும்பத்தை அழைத்துப் போகிற வழக்கம் பெரும்பாலும் அன்று இல்லை. அந்தப் பெண்கள் காத்திருந்ததை ஊர் இன்னமும் பெருமையாகச் சொல்கிறது. அவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நமக்குக் கூடப் போக வழி இருக்கிறது, அதுவும் சர்க்கார் செலவில். அதை ஏன் விட வேண்டும்?

முதலில் படிப்பு, ஏனென்றால் அதை வைத்துத்தான் பயம் காட்டுவார்கள். கேந்திரிய வித்யாலயாவில் படிக்கிற பிள்ளை, அப்பாவுக்கு மாறுதல் வந்தால் டி.சி.யை வாங்கிக்கொண்டு அடுத்த ஊர் கே.வி.யில் சேர்ந்துவிடலாம். காரைக்குடியிலேயே கே.வி. இருக்கிறது. புதிதாகச் சேர்க்கும்போது மாறுதலாகிற மத்திய அரசு ஊழியர் பிள்ளைகளுக்கு முன்னுரிமை உண்டு. முந்தைய 7 வருஷத்தில் அப்பாவுக்கு எத்தனை மாறுதல் என்பதும் கணக்கில் வரும். அதனால் ஒவ்வொரு மாறுதல் உத்தரவின் நகலையும் பத்திரப்படுத்துங்கள். கல்விப் படி 2024 முதல் பிள்ளைக்கு மாதம் 2812 ரூபாய் 50 காசு, இரண்டு பிள்ளைகள் வரை. வருஷம் முடிந்ததும் பள்ளித் தலைமையாசிரியரிடம் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால்தான் வரும். லீவு விட்ட பிறகு போய் நின்றால் ஆபீஸ் பூட்டியிருக்கும்.

படிப்பில் உண்மையான சிக்கல் தமிழ்தான். வடக்கே பள்ளியில் தமிழ் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2006ஆம் வருஷச் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். ஆறேழு வருஷம் வெளியே படித்துவிட்டு ஒன்பதாம் வகுப்பில் இங்கே வந்து சேர்கிற பிள்ளை திணறிப் போகும். பத்தாம் வகுப்புப் பரீட்சையை எந்த ஊரில், எந்தப் பாடத்திட்டத்தில் எழுதப் போகிறது என்பதைப் பிள்ளை ஏழாவது படிக்கும்போதே பேசி முடிவு செய்துவிடுங்கள். அதுவரை வீட்டில் தினமும் கொஞ்சம் தமிழ் எழுத வையுங்கள். நம் அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அப்பத்தாவோடு போனில் பேசினால் பேச்சுத் தமிழ் நிற்கும், எழுத்து வராது.

அடுத்தது சாமான். ஏழாவது ஊதியக் குழுக் கணக்கில் ஹவில்தாருக்குக் கீழ்ப் பதவியான நாயக் வரை 1500 கிலோ, ஹவில்தாருக்கு 3000 கிலோ கொண்டுபோக அனுமதி. அது போக, மாறுதல் மானியமாக அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம் வரும். 3000 கிலோ விடுகிறார்கள் என்பதற்காக 3000 கிலோ சேர்க்க வேண்டியதில்லை. சீராக வந்த பெரிய பீரோவும் தேக்குக் கட்டிலும் ஊரிலேயே இருக்கட்டும். லாரியில் ஏறி இறங்கி அவை நொறுங்குவதைப் பார்க்க மனசு தாங்காது.

நகரத்தார் கல்யாணத்தில் சீர்ச் சாமான்களைக் கரண்டி முதல் எண்ணிப் பட்டியல் எழுதுவார்களே, அந்த வழக்கம் நமக்கு அப்படியே உதவும். ஒவ்வொரு டிரங்குப் பெட்டிக்கும் ஓர் எண், மூடியின் உள்பக்கம் அதில் இருப்பதன் பட்டியல், மொத்தத்துக்கும் ஒரு நோட்டு. ஒரு பெட்டியை மட்டும் கடைசியில் ஏற்றி முதலில் இறக்குங்கள். அதில் அடுப்பு, ஒரு குக்கர், உப்பு புளி, போர்வை, பல்பு, ஸ்க்ரூ டிரைவர். பக்கெட்டை மறக்காதீர்கள். ராத்திரி ஒன்பது மணிக்குப் புது ஊரில் பக்கெட் கடை தேடுவது சாதாரணப் பாடு இல்லை. இருக்கிற கேஸ் இணைப்பை ஒப்படைத்து மாற்றல் வவுச்சர் வாங்கிக்கொண்டால் போகிற ஊரில் அலைச்சல் குறையும். குவார்ட்டர்ஸ் சாவியை வாங்குகிற அன்றே உடைந்த தாழ்ப்பாள், ஒழுகும் குழாய், விரிசல் விட்ட கண்ணாடி எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், போட்டோவும் எடுங்கள். இல்லாவிட்டால் காலி செய்யும்போது அதெல்லாம் நம் கணக்கில் ஏறும்.

சமையலுக்கு இட்லி அரிசி, மில்லில் அரைத்த குழம்புப் பொடி, செக்கு நல்லெண்ணெய் மூன்றும் அவசியம். புதுவயல் மில் அரிசி சாப்பிட்டுப் பழகிய வீடாக இருந்தால் ஒரு மூட்டை அதுவும். கல்பாசியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், வடக்கே மளிகைக் கடையில் "பத்தர் கே ஃபூல்" என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். அம்பாலா, பட்டான்கோட் பக்கம் மார்கழியில் மாவு புளிக்கவே புளிக்காது. பாத்திரத்தை ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையில் சுற்றிக் காலி டிரங்குப் பெட்டிக்குள் வைத்து மூடினால் காலைக்குப் பொங்கிவிடும்.

இதெல்லாம் எப்படியோ சமாளித்துவிடலாம். என்னைக் கேட்டால் பட்டாளத்துக் குடும்பத்தைக் கடைசியில் முடக்கிப் போடுவது காகிதம்தான். கல்யாணம், பிள்ளை பிறப்பு இரண்டும் அவருடைய பார்ட் டூ ஆர்டரில், அதாவது அவருடைய சொந்த விவரங்களைப் பதிவு செய்யும் ராணுவ உத்தரவில், வெளிவர வேண்டும். அதை வைத்துத்தான் மனைவி பிள்ளைகளுக்கான கார்டு, மிலிட்டரி ஆஸ்பத்திரி, நாளைக்குக் குடும்பப் பென்ஷன் எல்லாம். அந்தப் பதிவில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அலைச்சல் நமக்குத்தான். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் கூடுதல் தலைவலி இனிஷியல். மார்க் ஷீட்டில் முன்னால் ஓர் எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் பின்னால் முழுசாக, வங்கியில் புருஷன் பெயர். வீட்டு விலாசத்துக்கே நாலைந்து எழுத்து போட்டுக்கொள்கிற சீமை இது, கேட்கவே வேண்டாம். கல்யாணப் பதிவுக்கு முன்பே, இரண்டு பேருடைய பெயரும் எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி இருக்கும்படி திருத்திக்கொள்ளுங்கள். 2009ஆம் வருஷச் சட்டப்படி பதிவு எப்படியும் கட்டாயம்.

இன்னொன்று, சிலருக்குக் கசக்கும். சேவையில் சேரும்போது இன்ஷூரன்சுக்கும் சேமநிதிக்கும் நாமினியாகப் பெரும்பாலும் அம்மா பெயரைத்தான் கொடுத்திருப்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அதைப் புதுப்பிக்க வேண்டும். அயித்தை கோபித்துக்கொள்வார்களே என்று தள்ளிப் போடுகிற வீடுகள் எத்தனையோ பார்க்கிறேன். அம்மாவுக்கும் ஒரு பங்கு போடலாமே, யார் வேண்டாம் என்றார்கள்? சம்பளக் கணக்கு ஜாயிண்டாக இருக்கட்டும். அவருடைய ஆர்மி நம்பர், ரெக்கார்டு ஆபீஸ் விலாசம், பாலிசி நகல் எல்லாம் உங்கள் கையில் ஒரு ஃபைலாக இருக்க வேண்டும், மாமனார் பெட்டியில் இல்லை. நிலம் வாங்குவது விற்பது ஏதாவது நிலுவையில் இருந்தால், ஃபீல்டுக்குக் கிளம்புவதற்கு முன்பே பதிவு செய்த பவர் யார் பெயரில் என்று முடிவாகட்டும். மச்சான், சித்தப்பா பெயரில் பொதுப் பவர் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. இதை உறவுக்காரர்கள் படித்தாலும் சரி.

செட்டிநாட்டு வீடு என்றதும் ஆயிரம் ஜன்னல் வீடு நினைவுக்கு வரும். எங்களுடையது சாதாரண ஓட்டு வீடு. ஆனாலும் பூட்டிப் போட்டால் பெரிய வீட்டுக்கும் சின்ன வீட்டுக்கும் ஒரே கதிதான்: கரையான், வௌவால், ஐப்பசி மழையில் ஒழுக்கு. சாவியை ஒருவரிடம் கொடுத்து மாதம் ஒரு தொகை பேசிவிடுங்கள். சும்மா பார்த்துக்கொள்கிறேன் என்பவர் தீபாவளி வரைதான் பார்ப்பார். மழைக்கு முன்னால் ஓடு மாற்றச் சொல்லுங்கள், கரண்ட் பில்லைப் போனிலேயே கட்டிவிடலாம்.

ஃபீல்டு வந்தால்? சில ஸ்டேஷன்களில் அப்படிப்பட்ட குடும்பங்களுக்கென்றே குவார்ட்டர்ஸ் உண்டு, வரிசைதான் நீளம். பிள்ளை பொதுத் தேர்வு வகுப்பில் இருந்தால் இருக்கிற வீட்டையே வைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். இரண்டும் இல்லையென்றால் ஊர்தான், மாமியார் வீடுதான். அங்கேயும் நகரத்தாரிடம் கற்க ஒன்று இருக்கிறது. கல்யாணமான மகனையும் மருமகளையும் அதே வீட்டுக்குள் தனி அடுப்பு, தனிக் கணக்கோடு "வேறு வைப்பார்கள்". மனஸ்தாபத்தில் பிரிவது இல்லை அது, முறையாகச் செய்வது. புருஷன் பக்கத்தில் இல்லாத பெண்ணுக்கு இந்த ஏற்பாடு எவ்வளவு நிம்மதி என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். பணம் நேராக உங்கள் கணக்குக்கு வரட்டும். பெரியவர்கள் செலவுக்கு நீங்கள் எடுத்துக் கொடுங்கள்.

அப்புறம் லீவு. வருஷ விடுப்பு 60 நாள், கேஷுவல் 30 நாள். கேட்கும்போது நிறைய மாதிரி இருக்கும். காதுகுத்து, வரப்புத் தகராறு, கொழுந்தியாள் வளைகாப்பு, குலதெய்வப் படைப்பு என்று சொந்தக்காரர்கள் பங்கு போட்டு எடுத்துவிடுவார்கள். வந்த முதல் வாரம் எந்த விசேஷத்துக்கும் ஒத்துக்கொள்வதில்லை என்று இருவரும் முன்கூட்டியே பேசி வையுங்கள். வந்த மறுநாளே பிள்ளைகளை ஐந்து மணிக்கு எழுப்பிப் பி.டி. நடத்துகிறவராக இருந்தால் அதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

லீவில் அவர் வந்ததையும் போவதையும் ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். ரயில் டிக்கெட், யூனிட் பலகை, ஸ்டேஷன் பெயர், எதுவும் வேண்டாம். 2020இல் ராணுவம் தன் ஆட்களிடம் முகநூல் உட்பட 89 செயலிகளை நீக்கச் சொன்னது. அவர் நீக்கிவிட்டார், வீட்டில் நாம் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டிருந்தால் என்ன பிரயோஜனம்? இந்தப் பதிவிலும் அவர் எங்கே இருக்கிறார், எந்த யூனிட் என்று எழுதவில்லை. தெரிந்தவர்கள் பாசத்தில் கீழே வந்து கேட்டுவிடாதீர்கள், போனில் கூப்பிடுங்கள்.