ஒரு பைசாவைக் காணோம்

(பாம்பன். மே 15. மீன்பிடித் தடைக்காலம் பாதி ஓடிவிட்டது. விசைப்படகுகள் கரையை ஒட்டி வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. வேப்பமரத்தடியில் மாமா வலை தைக்கிறார். பக்கத்தில், மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் லேப்டாப்போடு மருமகன். வீட்டுக்குள் சிக்னல் கிடையாது.)

மாமா: ராத்திரி இரண்டு மணிக்கு மொட்டைமாடியில் யாரோடு பேசிக்கொண்டிருந்தாய் மாப்பிள்ளை? உன் அத்தை ஒரு மாதிரி நினைக்கிறாள்.

மருமகன்: மேனேஜரோடுதான் மாமா. ஒரு பைசாவைக் காணோம்.

மாமா: என்னது, ஒரு பைசாவா?

மருமகன்: ஆமாம். தினமும் கணக்கு முடிக்கும்போது பற்றும் வரவும் சரியாக நிற்க வேண்டும். ஒரு பைசா இடிக்கிறது. ஆறு பேர் மூன்று நாளாகத் தேடுகிறோம்.

மாமா: நாலணாவையே 2011-ல் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். இந்தா ஒரு ரூபாய். போட்டுவிட்டுத் தூங்கு. மீதியை நீயே வைத்துக்கொள்.

மருமகன்: அப்படியெல்லாம் போட முடியாது மாமா. எவனோ ஒரு புண்ணியவான் வட்டிக் கணக்கை ஃப்ளோட்டில் எழுதிவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டான். ஃப்ளோட் என்றால் மிதக்கும் எண்.

மாமா: எண் மிதக்குமா? நம் வலை மிதவை மாதிரியா?

மருமகன்: அந்த மிதவை வலையைக் காப்பாற்றும். இது ஆளை முக்கிவிடும். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று காட்டும். பைசாவாக, முழு எண்ணில் எழுதியிருக்க வேண்டும்.

மாமா: கூடத்தானே காட்டுகிறது? நம் வியாபாரி தராசு ஒரு நாளும் இப்படித் தப்பு பண்ணியதில்லையே!

(பேச்சோடு பேச்சாக வலையை ஒரு முழம் இழுத்து, கண்ணி கண்ணியாக விரலை ஓட்டுகிறார். அறுந்த இடம் வந்ததும் விரல் தானாக நிற்கிறது. மருமகனும் கணினியின் பதிவேடான லாக் ஃபைலை இப்படித்தான் வரி வரியாக ஓட்டிக்கொண்டிருக்கிறான். விரல்தான் நின்றபாடில்லை.)

மாமா: சரி, அதை விடு. நேற்று நூல்காரர் நம்பருக்கு யுபிஐயில் 1850 ரூபாய் அனுப்பினேன். என் கணக்கில் கழிந்துவிட்டது, அவருக்குப் போய்ச் சேரவில்லை. கொஞ்சம் எடுத்துக் கொடு.

மருமகன்: உங்கள் கணக்கு வேறு வங்கி மாமா. அதோடு நான் வங்கியிலேயே இல்லை. வங்கிக்கு மென்பொருள் எழுதுகிற கம்பெனியில் இருக்கிறேன்.

மாமா: பெண் பார்க்கப் போனபோது வங்கியில் வேலை என்றுதானே சொன்னோம்?

மருமகன்: நீங்கள் சொன்னீர்கள்.

மாமா: அப்போது நீ வாயைத் திறக்கவில்லையே. கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தாய்.

மருமகன்: பணத்துக்குப் பயப்படாதீர்கள். மறுநாளைக்குள் தானாகத் திரும்பிவிட வேண்டும். அதைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். ரிசர்வ் வங்கி 2019-ல் போட்ட விதி.

(வலை ஊசி நிற்கிறது.)

மாமா: நாளுக்கு நூறா? நாளையிலிருந்து தடைக்காலம் முடியும் ஜூன் 14 வரை 30 நாள். 3000 ரூபாய்! மாப்பிள்ளை, அந்தப் பணத்தை யாரும் தொட வேண்டாம். நூல்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

(மாமாவின் சட்டைப் பையில் போன் ‘டிங்’ என்கிறது. எட்டி நீட்டிப் பார்க்கிறார், எழுத்து தெரியவில்லை. மருமகனிடம் கொடுக்கிறார்.)

மருமகன்: 1850 திரும்பி வந்துவிட்டது மாமா.

மாமா: ஒரு பைசாவுக்கு ஆறு பேர் மூன்று நாள் எடுத்துக்கொள்கிறீர்கள். இந்த வங்கிக்காரனுக்கு மட்டும் அப்படி என்னடா அவசரம்?